நடுவயதைப் பாடிய வேலாயுதக் கிராணியார்

வேலாயுதக் கிராணியார் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் ஒரு பஸ் கண்டக்டர். சுங்கைப்பட்டாணி பஸ் நிலையத்தில் பாடாங் செராய் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அவர் என் அருகில் வந்து டிக்கெட் கிழிக்காமல் நின்றார். "வாத்தியாரே, நீங்க இதுல போக வேணாம் லா. எறங்கித் திகாம் பத்து பஸ்ஸப் புடிங்க. கிராணி காலையில போயிட்டாரு" என்றார். நான் இறங்கினேன். இறங்கிய பிறகு திகாம் பத்து பஸ் எங்கே நிற்கும் என்பது மறந்துபோயிற்று. மாதம் ஒருமுறையாவது அவரைப் பார்க்க நான் ஏறிப் போகிற பஸ் அது. எண்பதை எட்டிப் பார்க்கிற வயதில் கூட்டாளி போனால் அதிர்ச்சி அடையக் கூடாது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களுக்குக் கூட்டாளி என்று ஒருவர் இருந்திருக்க மாட்டார். யாரோ ஒரு சீனக் கிழவர்தான் என்னைக் கைபிடித்துச் சரியான பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

திகாம் பத்துவில் அவருடைய மகள் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அவர் மனைவி ராசம்மா அண்ணி சில வருஷங்களுக்கு முன்பே போய்விட்டார். மாலைக்கு முன் எடுக்க வேண்டும் என்று அவசரப்பட்டுக்கொண்டிருந்த கூட்டத்தில் ராமையா எழுந்து நின்று ஒரு காகிதத்தைப் பார்த்து வாசித்தார். ராமையா இப்போது ஐம்பது தாண்டியவர், மரம் அறுக்கும் மில்லில் மேற்பார்வை பார்ப்பவர். ஜப்பான்காரன் காலத்தில் தன்னைக் காப்பாற்றக் கிராணியார் தம்மையே கொடுத்தார் என்றும், அவர் ஒரு தியாகச் செம்மல் என்றும் வாசித்தார். வாசிக்கும்போதே அழுதார். அவர் அழுவதற்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனால் 'தியாகி' என்ற சொல்லைக் கேட்டாலே கிராணியாருக்கு மூக்கு சிவந்துவிடும். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டியவர் அவர். செத்த அன்றே அதை அவர் தலையில் கட்டிவிட்டார்களே என்று எனக்குக் கோபம் வந்தது. அவரை அறிந்த உங்களுக்கு இதை எழுதுவதற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம்.

பாடாங் செராய்ப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அவர் ஸ்டோர் கிராணி, சாமான் கணக்கு எழுதுகிறவர். அதே தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நான் ஆசிரியர். என்னைவிட ஒரு வயது மூத்தவர். நான் அவரை 'அண்ணே' என்பேன், அவர் என்னை 'வாத்தியாரே' என்பார். கஞ்சி போட்ட வெள்ளைக் காற்சட்டை, வகிடு எடுத்த தலை, சட்டைப் பையில் சீப்பு. தலைமுடி விஷயத்தில் அவரைப்போல் அலட்டிக்கொள்கிற ஆணை நான் கண்டதில்லை. சண்டை வந்து பினாங்கிலிருந்து எதுவும் வராமல் போனபோது, விளக்குக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து நரையில் பூசிக்கொள்வார். வேர்த்தால் கழுத்தில் கறுப்பாய் வழியும். நாங்கள் கேலி செய்தால், "ஒங்களுக்குப் பொறாம" என்று சொல்லிவிட்டுத் துடைத்துக்கொள்வார். அவருக்கு அப்போது நாற்பத்திரண்டு இருக்கும்.

கவிதை எழுதுவார் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் எதைப் பற்றி எழுதினார், ஏன் எழுதினார் என்பது பலருக்குத் தெரியாது. ஜப்பான்காரன் வந்த முதல் வருஷம். துரை ஓடிவிட்டார். ரப்பர்ப் பாலுக்கு விலை இல்லை, பால்வெட்டு நின்றுவிட்டது. ஆட்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் இருந்த மரங்களைச் சாய்த்து மரவள்ளி போட்டோம். பள்ளிக்கூடத்தையும் மூடி என்னையும் மண்வெட்டியோடு வெளிக்காட்டு வேலைக்கு அனுப்பினார்கள். எங்களுக்கு மிச்சமிருந்த ஒரே கேளிக்கை சனிக்கிழமை சாயங்காலம் மாரியம்மன் கோயிலில் நடக்கிற பஜனை. உடம்பு பொய், ஊர் பொய், எமன் வருவான் என்ற பாட்டுகளை எல்லோரும் உருகிப் பாடிக்கொண்டிருந்தார்கள். கிராணியார் தாளத்தைக் கீழே வைத்துவிட்டு என் காதில் பேச ஆரம்பித்தார்.

"வாத்தியாரே, நல்லாக் கேளுங்க. நம்ம பாட்டுல இருவது வயசுக்காரன் பொண்ணப் பாத்துப் பாடுறான். எழுவது வயசுக்காரன் எமனப் பாத்துப் பாடுறான். நடுவுல உள்ளவன் எங்க போனான்?"

பதிலையும் அவரே சொன்னார். "வேலைக்குப் போயிட்டான். அவனுக்குப் பாட நேரமில்ல."

நான் விடவில்லை. எத்தனை பழைய கதையில், தலையில் முதல் நரை கண்ட அரசன் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கிறான், பட்டத்தை மகனிடம் கொடுத்துவிட்டுக் காட்டுக்குப் போகிறான், அது நடுவயது இல்லையா என்று கேட்டேன். அவர் சீப்பை எடுத்துத் தலையை ஒருமுறை வாரிக்கொண்டார். "ராசா போவான். அவனுக்கு நாடு ஆள மவன் இருக்கான். எனக்கு நரைச்சா மறுநாக் காலையில பெரட்டுக்கு யாரு போறது?" என்றார். பெரட்டு என்பது தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்புகிற இடம். நரைத்த உடனே மனிதனை ஞானியாக்கிவிடுகிறார்கள் புலவர்கள், நரைத்த பிறகும் அவன் இருபது வருஷம் அரிசி சுமக்க வேண்டியிருப்பதை ஒருவரும் பாடவில்லை என்பது அவர் கட்சி. அந்த வயதைப் பாடினால் அழகாக இருக்காது என்று நான் சொன்னேன். அழகாக இருக்கத் தேவையில்லை, சரியாக இருந்தால் போதும் என்றார். பூசாரி எங்களைப் பார்த்து முறைத்ததும் பேச்சு நின்றது.

அடுத்த வாரமே இரண்டு கண்ணிகளோடு வந்தார். ஸ்டோரில் எண்ணெய் டின்னின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படிக்க முடியாமல் கையை நீட்டி நீட்டிப் பார்த்ததில் பிறந்த கண்ணி முதலாவது.

"எட்டப் பிடித்தால் எழுத்துத் தெரியுதடி
கிட்டப் பிடித்தால் கரைந்து விடுகுதடி"

இரண்டாவதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் தயங்கினார். அவருடைய தகப்பனார் கப்பலில் வந்து காடு அழித்தவர், இவருடைய சின்ன வயதிலேயே இறந்துபோனவர்.

"ஊன்றி எழும்போது முழங்காலில் வைத்தகை
தோன்றுதடி எந்தகப்பன் கையாக இன்று"

நான் கேலி செய்யத் தயாராக இருந்தவன். முதல் கண்ணிக்குச் சிரித்தேன். இரண்டாவதற்குச் சிரிக்க முடியவில்லை. வீட்டுக்குப் போய் என் முழங்காலில் என் கையை வைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு வாரம் ஒன்றாகக் கண்ணிகள் வந்தன. பேர் மறந்துபோவது, தொந்தியை எக்கி நிற்பது, மகன் தன்னைவிட உயரமாகிவிட்டதை அவனுக்குத் தெரியாமல் அளந்து பார்ப்பது. மரவள்ளிக் காட்டில் ஆட்கள் அதைப் பாடிக்கொண்டே கொத்தினார்கள். பாட்டில் வருகிற 'அடி' யார் என்று பெண்கள் ராசம்மா அண்ணியைக் கேட்டுச் சிரிப்பார்கள். "அவருக்குக் கண்ணு தெரியலேன்னா என்னைய எதுக்குக் கூப்புடுறாரு? நானா போயி எழுத்த அழிச்சேன்?" என்று அண்ணி கேட்பார். உள்ளுக்குள் அவருக்குப் பெருமைதான்.

சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டு முதலில் வந்தபோது, மூன்று மாதம் வேலை, வயிறாரச் சோறு என்றார்கள். கல்யாணமாகாத பையன்கள் போனார்கள். மூன்று மாதம் கழித்து ஒருவரும் வரவில்லை. அதற்குப் பிறகு யாரும் சம்மதிக்காததால் பிடித்துக்கொண்டு போனார்கள். சில இளைஞர்கள் தஞ்சோங் டாவாய்க்கு ஓடி மீன் படகுகளில் ஒட்டிக்கொண்டார்கள். சிலர் இந்தியப் படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டு அங்கே போனார்கள். கிழவர்கள் யாருக்கும் வேண்டாம். மிஞ்சியது நாங்கள். எங்களால் ஓட முடியாது. ஓடினால் வீட்டில் இருக்கிற பெண்டாட்டி பிள்ளையை அடிப்பார்கள். ஆற்றுப் பாலத்தில் காவல், சடக்கு என்கிற பெரிய ரோட்டில் காவல், பாஸ் இல்லாமல் பாடாங் செராய்க் கடைத்தெருவுக்குக்கூடப் போக முடியாது. காலையில் எழுந்தால் அதே மரவள்ளி, அதே முள்வேலி, அதே பத்து முகம். யாரை எப்போது கூப்பிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டு கிடந்தோம். எனக்கு மூச்சு முட்டும். காட்டோரம் போய் நின்று வாயைத் திறந்து சத்தமில்லாமல் கத்தியிருக்கிறேன்.

அதைக் கிராணியாரிடம் ஒருநாள் சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "முன்னாலயும் கதவு, பின்னாலயும் கதவு. ரெண்டையும் நாமளே புள்ளைங்களுக்காகச் சாத்தி வச்சிருக்கோம். இதுல ஜப்பான்காரன் வெளியில நின்னு ஒரு பூட்டுப் போட்டான், அவ்வளவுதான்" என்றார். சண்டைக்கு முன்னாலும் நாங்கள் இந்தத் தோட்டத்தை விட்டு எங்கேயும் போயிருக்கப் போவதில்லை என்பது அவர் எண்ணம். அது உண்மைதான் என்று தெரிந்தபோது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அன்று அவரோடு பேசாமல் போய்விட்டேன்.

பிறகு ஒரு செய்தி வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் நரைத்தவர்களை விட்டுவிட்டார்களாம். எங்கள் தோட்டத்தில் யாருக்கும் சரியான வயது தெரியாது. பிறப்புப் பதிவு என்று ஒன்று பலருக்கு இல்லை. பார்த்தால் எத்தனை வயது தெரிகிறதோ அத்தனை வயது. ஒரே வாரத்தில் தோட்டம் முழுவதும் கிழவர்கள். தலையில் சாம்பல், முகத்தில் தாடி, கையில் தடி. பாலுக்கு அலைகிற பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்த தகப்பன்மார்கள் பல்லில் புகையிலைக் கறை ஏற்றிக்கொண்டார்கள். ஜப்பான் அதிகாரி மொழிபெயர்க்கிற ஆளோடு பெரட்டுக் களத்துக்கு வந்து இறங்கிய காலையில், எல்லோரும் கூனிக்கொண்டு இருமினார்கள். கூத்து மேடையில் கிழவன் வேஷம் கட்டி வருகிறவன் எப்படி வருவானோ அப்படியே, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி வந்தார்கள். நான் வரிசையில் நின்றுகொண்டு இதைப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

எல்லாரையும்விட நன்றாக நடித்தவர், ஆட்களை வேலை வாங்குகிற மாரிமுத்து மண்டோர். அவர் இருமலைக் கேட்டால் நெஞ்சு கிழிந்துவிடும் போலிருந்தது. அதிகாரி அவர் தடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அடிப்பதுபோல் கையை ஓங்கினான். மண்டோர் பின்னால் ஒரே தாவலாகத் தாவினார். இருபது வயதுப் பையனால்கூட அப்படித் தாவ முடியாது. அதிகாரி சிரித்தான். கிழவர்கள் எல்லோரும் எதிரே இருந்த மரம் வரைக்கும் ஓட வேண்டும் என்று மொழிபெயர்க்கிற ஆளைச் சொல்லச் செய்தான். துப்பாக்கியைப் பார்த்த பயத்தில் எல்லோரும் ஓடினார்கள். நன்றாக ஓடியவர்களை லாரியில் ஏற்றினான். ஆள் இன்னும் குறைகிறது, மறுபடி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். மாரிமுத்து மண்டோர் திரும்பி வரவில்லை. அவருடைய கடைசி மகள் இப்போதும் பாடாங் செராயில் இருக்கிறார்.

மறுநாள் வேலை முடிந்த பிறகு, காய்கிற ரப்பர்த் தகடு ஒன்றும் இல்லாமல் சும்மா கிடந்த புகைக்கூண்டில் எங்களையெல்லாம் கிராணியார் கூப்பிட்டார். அவருக்குத் துக்கத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. "எழுவது வயச நடிக்கச் சொன்னா எல்லாரும் கெட்டிக்காரனுங்க. பாட்டு, கூத்து எல்லாம் அதுதான! ஒருத்தனுக்காவது அம்பத நடிக்கத் தெரிஞ்சுதா?" என்று கேட்டார். பிறகு அவர் சொன்னதை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன்.

"கெழவன் வயசக் காட்டுவான். வயசாவுறவன் அத ஒளிப்பான். அவன் ஒளிக்கிறதப் பாத்துத்தான் மத்தவனுக்கு வயசு தெரியும்."

தடி கூடாது, சாம்பல் கூடாது, இருமல் வந்தால் அடக்க வேண்டும் என்றார். உட்கார்ந்து எழும்போது யாராவது பார்க்கிறார்களா என்று முதலில் ஒரு பார்வை, பிறகு முழங்காலில் கை. அதிகாரி பக்கத்தில் வரும்போது வயிற்றை எக்க வேண்டும், அவன் தாண்டிப்போனதும் விட வேண்டும். முன்னால் முடி கொட்டியவன் பக்கத்து முடியை இழுத்து மூடியிருக்க வேண்டும். எல்லாம் அவர் கண்ணிகளில் இருந்தவைதான். இத்தனை மாதமாகக் காட்டில் பாடிக்கொண்டு திரிந்த பாட்டை இப்போது உடம்பால் செய்து பார்த்தோம். முதலில் சிரிப்பு வந்தது. முப்பத்தெட்டு வயதுக்காரன் ஐம்பதை ஒளிக்கிறவனாக நடிக்க வேண்டும் என்றால் லேசான காரியமா? சிலருக்குப் பல நாள் ஆயிற்று. எனக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. நான் செய்வதைப் பார்த்து மற்றவர்கள் பழகினார்கள் என்பதை என் மனைவி கடைசி வரைக்கும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதே அதிகாரி மறுபடி வந்தான். இந்த முறை நான் அவனைச் சரியாகப் பார்த்தேன். அவனுக்கும் எங்கள் வயதுதான் இருக்கும். எத்தனை ஆள் வேண்டும் என்பதைப் படிக்கச் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து, கையை நீட்டிப் பிடித்து, வெளிச்சம் போதாததுபோல் முகத்தைச் சுளித்தான். எங்களை உட்காரச் சொன்னான், எழச் சொன்னான். எங்கள் கைகள் திருட்டுத்தனமாக முழங்காலுக்குப் போயின. வரிசையில் ஒவ்வொருவர் முன்னாலும் நின்று பார்த்தான். ஓடச் சொல்லவில்லை, கையை ஓங்கவில்லை. அவனுக்குத் தெரிந்த ஏதோ ஒன்றை எங்களிடம் கண்டுகொண்ட மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டான். எங்களில் ஒருவரையும் எடுக்கவில்லை. பிழைத்துவிட்டோம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில் எனக்கு இன்றைக்கும் வெட்கம் கிடையாது.

ஆனால் அவனுக்கு ஆள் கணக்குக் குறையக் கூடாது. மாட்டுவண்டி ஓட்ட, மரவள்ளி ஏற்ற என்று அதுவரை விட்டுவைத்திருந்த இளைஞர்கள் எதிர்ப்பக்கம் நின்றார்கள். அவர்களைக் கை காட்டினான். நாங்கள் விட்ட இடத்தை அவர்களை வைத்து நிரப்பினான். கிராணியார் பெயர் கூப்பிடுவதற்காக அதிகாரியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். தன் கண்ணிகள் என்ன செய்துவிட்டன என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்கும் அப்போதுதான் புரிந்தது. கடைசியாக லாரியில் ஏற்றப்பட்டவன் ராமையா. கல்யாணமாகிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. அவன் மனைவி அழக்கூடத் தெரியாமல் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

கிராணியாரை யாரும் கேட்கவில்லை. ஸ்டோர் ஆள் என்பதால் அவரைத் தொடமாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கெல்லாம் ஐம்பதை நடிக்கச் சொல்லிக்கொடுத்த மனுஷர், அன்று காலையிலும் கரி பூசிப் பளபளவென்று வாரியிருந்தார். அவர் அதிகாரிக்கு முன்னால் போய் நின்று, கற்றுவைத்திருந்த அரைகுறை ஜப்பான் மொழியில் என்னவோ சொன்னார். தனக்கு முப்பத்தைந்து வயது, அந்தப் பையனைவிடத் தனக்குப் பலம் அதிகம் என்று சொன்னதாகப் பிறகு தெரிந்தது. நெஞ்சை நிமிர்த்தி நின்றார். நாற்பத்து மூன்று வயதுக்காரன் எப்படி நிற்பான் என்பதை உலகத்தில் எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்த ஆள், அதில் ஒன்றைக்கூடச் செய்யாமல் நின்றார். அதிகாரி அவரைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்துவிட்டு, ராமையாவைக் கீழே இறக்கி அவரை ஏற்றினான். லாரியிலிருந்து என்னைக் கூப்பிட்டு ஸ்டோர் சாவியை எறிந்தார். "வாத்தியாரே, சாவிய ராசம்மாகிட்ட குடுத்துடாதீங்க. தொலச்சுருவா" என்றார். லாரி போய்விட்டது.

ஏன் போனார் என்று திரும்பி வந்த பிறகு நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதில். ராமையாவின் பெண்டாட்டி மண்ணில் உட்கார்ந்ததைப் பார்க்க முடியவில்லை என்றார் ஒருமுறை. நாங்கள் எல்லோரும் குறுகி நின்றதைப் பார்த்து, ஒருத்தனாவது முழு ஆளாக நிற்க வேண்டும் என்று தோன்றியதாம் இன்னொரு முறை. பிறகு ஒருநாள் சிரித்துக்கொண்டே, "தியாகமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. லயத்து வாசல்ல ராசம்மா நின்னு பாத்துக்கிட்டிருந்தா. அவ முன்னால கெழவனா நிக்கப் புடிக்கல" என்றார். மூன்றும் உண்மையாக இருக்கலாம். நான் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. அவர் போன பிறகு பல நாள் அண்ணி யாரோடும் பேசவில்லை. பேசியபோது முதலில் சொன்னது, "தலைக்கி மையப் பூசிக்கிட்டுப் போறாரு பாத்தீங்களா?" என்பதுதான்.

ஜப்பான்காரன் தோற்றுப்போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் சயாமிலிருந்து வந்தார்கள். ஒரு மத்தியானம் தோட்டத்துச் சடக்கில் ஒரு கிழவர் வந்துகொண்டிருந்தார். முழுக்க நரைத்த தலை, காட்டுக் குச்சி ஒன்றை ஊன்றிக்கொண்டு, கூன் விழுந்து, நாலு அடிக்கு ஒருமுறை நின்று இருமினார். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு லயத்தைப் பார்த்தார். பெரட்டுக் களத்தில் எங்கள் ஆட்கள் கூட்டமாக நடித்துத் தோற்றார்களே, அந்தக் கிழவர் நிஜமாகவே நடந்து வந்துகொண்டிருந்தார். 'வாத்தியாரே' என்று கூப்பிட்ட பிறகுதான் எனக்கு ஆளைத் தெரிந்தது. அவருக்கு அப்போது நாற்பத்தைந்து. நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன். அவர் அழவில்லை. "தண்ணி குடுங்க" என்றார்.

அந்தக் காட்டில் நடந்ததைப் பற்றி அவர் என்னிடம் கொஞ்சம்தான் சொன்னார். அதை நான் எழுதப் போவதில்லை. கண்ணி எழுதுவதையும் விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டேன். "நாப்பதுலேர்ந்து நேரா எழுவதுக்கு வந்துட்டேன். அங்க வயசு ஏறல வாத்தியாரே, ஒடஞ்சுது. நடுவுல உள்ளத இருந்து பாத்தது நீங்கதான். நீங்க சொல்லுங்க" என்றார். முதலில் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். விளையாட்டு இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, தான் இல்லாத அந்த இரண்டு வருஷத்தையும் ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னார். பெரிதாக எதுவும் நடக்கவில்லையே என்றேன். அதுதான் வேண்டும் என்றார்.

சொன்னேன். காட்டுப்பன்றி மரவள்ளியைத் தோண்டியது, உப்புக்காக நானும் மனைவியும் போட்ட சண்டை, கடைவாய்ப் பல் தானாகக் கழன்று கையில் வந்தது, மூத்த மகள் பெரியவளானபோது புதுப் புடவை இல்லாமல் அவள் அம்மாவின் கல்யாணப் புடவையை இரண்டாகக் கிழித்துக் கட்டிவிட்டது. ஒரு காலையில் காரணமே இல்லாமல் மண்வெட்டியோடு நின்று அழுததையும் சொன்னேன். அதை மட்டும் இரண்டு முறை சொல்லச் சொன்னார். "நீங்க கேக்குறதப் பாத்தா நான் என்னமோ மாளிகையில இருந்த மாதிரி இருக்கே. ஜெயில்லதான கெடந்தேன்" என்று ஒருநாள் சலித்துக்கொண்டேன்.

"அந்த ஜெயில்ல எனக்கும் ஒரு எடம் இருந்துச்சு. நானாத்தான் எழுந்து போனேன்" என்றார். பிறகு, "போயிருக்கக் கூடாதுன்னு பல நாள் நெனச்சிருக்கேன். ராமையா நல்ல பய. அவன்கிட்ட இப்பச் சொன்னா சோறு எறங்காது. நான் போன பொறவு சொல்லுங்க. அவனுந்தான் தெரிஞ்சுக்கட்டும், நான் ஒண்ணும் தெய்வமில்ல" என்றார்.

அதனால் இப்போது சொல்கிறேன். ராமையா தம்பி, நீங்கள் இதை வாசித்துக் கலங்க வேண்டாம். வருத்தமில்லாமல் கொடுக்கிறவனைப் பாடத்தான் ஏராளமான பாட்டு இருக்கிறது. கொடுத்துவிட்டு முப்பது வருஷம் அதை நினைத்து ஏங்கியவர், அந்த ஏக்கத்தை உங்கள் முகத்துக்கு முன்னால் ஒருநாளும் காட்டாமல் உங்கள் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தார். நான் கண்ட மனிதர்களில் அவரைவிடப் பெரியவர் இல்லை. ஆனால் அவர் ஒரு மனிதர். அப்படித்தான் அவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று அவர் விரும்பினார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது எது என்று கேட்டால் கண்ணிகளைச் சொல்லமாட்டேன். அவை உங்களில் பலருக்கு மனப்பாடம். நான் வைத்திருப்பது ஒரு கேள்வி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் தொடங்கி, போன மாதம் திகாம் பத்துவில் நான் அவரைக் கடைசியாகப் பார்த்த பிற்பகல் வரைக்கும், பேச்சு ஓய்கிற நேரத்தில் அவர் அதைக் கேட்பார். தான் ஊரில் இல்லாதபோது நடந்துபோன கல்யாணத்தைப் பற்றி விசாரிப்பவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, "அந்த வயசு நல்லா இருந்துச்சா வாத்தியாரே?" என்பார். பசியும் பயமுமாக, எங்கேயும் போக வழியில்லாமல், ஒவ்வொரு நாளையும் சபித்துக்கொண்டே நான் கழித்த வயது அது. "நல்லா இருந்துச்சுண்ணே" என்று நான் சொல்வேன். முப்பது வருஷம் அப்படிச் சொன்னதில், அது உண்மையாகவே ஆகிவிட்டது.